பெஞ்ச் பிரஸில் சராசரி ஆள் எவ்வளவு தூக்க முடியும்? உங்கள் கணக்கைப் போடுவது எப்படி?

பெஞ்ச் பிரஸ் என்பது பெஞ்சில் மல்லாந்து படுத்து, எடைத் தட்டுகள் (பிளேட்) மாட்டிய இரும்புக் கம்பியை (பார்) மார்புவரை இறக்கி மேலே தள்ளும் பயிற்சி. ஒருவர் "நான் 60 கிலோ போடுறேன்" என்றால், பாரையும் சேர்த்துச் சொல்கிறாரா என்று கேளுங்கள். முழு நீளப் பார் 20 கிலோ. பெண்களுக்கென்று வரும் மெல்லிய பார் 15 கிலோ. பக்கத்துக்கு ஒரு 20 கிலோ பிளேட் மாட்டினால் மொத்தம் 60, 40 அல்ல. குட்டைப் பார்களின் எடை ஒன்றுக்கொன்று மாறும். எடை பார்க்கும் மெஷினில் ஒருமுறை வெறுங்கையோடும், ஒருமுறை பாரைப் பிடித்துக்கொண்டும் ஏறி நின்றால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஸ்மித் மெஷினில் தூக்கியதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே பார் கம்பியில் ஓடுகிறது, ஆடாது. பல மெஷின்களில் பாரின் எடையைக் குறைக்கும் எதிர் எடையும் வைத்திருப்பார்கள்.

இனி எண். எடைப் பயிற்சியே செய்யாத, ஆரோக்கியமான ஆண் ஒருவர் முறையைக் கற்றுக்கொண்டு ஒரே ஒரு ரெப் (ஒருமுறை இறக்கி ஏற்றுவது) தூக்கினால், தோராயமாகத் தன் உடல் எடையில் பாதியிலிருந்து முக்கால் பங்கு வரை வரும். 70 கிலோ ஆளுக்கு அது 35 முதல் 52 வரை. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை: 60 கிலோ என்றால் 20 முதல் 30. வெறும் பாரே முதல் நாள் ஆட்டம் காட்டுவது இதனால்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வருடம் விடாமல் செய்த ஆண் தன் உடல் எடையைத் தொடுவது நடக்கக்கூடியதே. ஒன்றரை மடங்கு போடுபவரைப் பலசாலி என்றே சொல்லலாம். 100 கிலோ சாதாரணம் என்ற பேச்சு ஜிம்முக்குள் மட்டும்தான் செல்லும். வெளியே நூறு பேரை நிறுத்திப் பார்த்தால் மிகச் சிலரே தேறுவார்கள். வயது, கை நீளம், மார்புக்கூட்டின் ஆழம் எல்லாமே எண்ணை மாற்றும். கை நீளமானவருக்குப் பார் பயணிக்கும் தூரமே அதிகம்.

உங்கள் எண்ணைக் கண்டுபிடிக்க, அதிகபட்ச எடையை ஏற்றிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. புதியவர்கள் அதைச் செய்யவே கூடாது என்பது எங்கள் கருத்து. 3 முதல் 6 ரெப் வரும் எடையை எடுத்து, இந்தக் கணக்கைப் போடுங்கள்: ரெப் எண்ணிக்கையை 30-ஆல் வகுத்து, 1 கூட்டி, எடையால் பெருக்குங்கள். 50 கிலோவை 6 முறை தூக்கினால், 6-ஐ 30-ஆல் வகுக்க 0.2, 1.2-ஐ 50-ஆல் பெருக்க 60 கிலோ. 10 ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல. அங்கே பலத்தைவிடத் தாக்குப்பிடிக்கும் திறன்தான் பேசுகிறது.

50 கிலோவில் பார்ப்பதாக இருந்தால் வார்ம்அப் இப்படி: வெறும் பாரில் 10, 30 கிலோவில் 5, 40-இல் 3, 45-இல் 1. பிறகு 3 முதல் 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். அவசரப்பட்டால் ஒன்றிரண்டு ரெப் அங்கேயே போய்விடும்.

படுக்கும்போது கண்கள் பாருக்கு நேர் கீழே இருக்க வேண்டும். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்து, இடுப்புப் பக்கமாக இறக்கி, பெஞ்சில் அழுத்திக்கொள்ளுங்கள். பாதம் முழுதும் தரையில். கட்டைவிரல் பாரைச் சுற்றியே இருக்கட்டும். சுற்றாமல் பிடித்தால் பார் நழுவி நேராக நெஞ்சில் விழலாம். பார் உள்ளங்கையின் அடிப்பகுதியில், முழங்கை எலும்புக்கு நேர் மேலே உட்கார வேண்டும். விரல் பக்கம் போனால் மணிக்கட்டு பின்னால் மடங்கி வலிக்கும்.

முழங்கையை மடக்காமல் பாரை எடுத்துத் தோளுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். இறக்குவது மார்பின் கீழ்ப்பகுதிக்கு, ஏற்றுவது மீண்டும் தோளுக்கு மேலே. அதாவது பார் நேர்கோட்டில் போகாது, சற்றுச் சாய்வாகப் போகும். முழங்கைகள் உடம்போடு 45 முதல் 70 டிகிரி. 90 டிகிரியில் சிறகு மாதிரி விரித்துக் கழுத்துப் பக்கம் இறக்குபவர்கள்தான் தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்பார்கள்.

எந்த ரெப்பை எண்ணலாம்? பார் மார்பைத் தொட வேண்டும், ஆனால் பந்து போல் எகிறக் கூடாது. பிட்டம் பெஞ்சைவிட்டு எழக் கூடாது. மேலே முழங்கை நேராக வேண்டும். ஸ்பாட்டர் (தலைமாட்டில் நின்று உதவுபவர்) "நான் சும்மா விரல்தான் வச்சேன்" என்றால் அந்த ரெப் கணக்கில் இல்லை.

தனியாகச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியது ரேக்கின் (பாரை வைக்கும் சட்டத்தின்) சேஃப்டி கம்பி, அதாவது பார் நெஞ்சில் விழாமல் தாங்கும் பக்கக் கம்பி. நெஞ்சை நிமிர்த்தும்போது பார் கம்பியில் படாமல் மார்பைத் தொட வேண்டும். நெஞ்சைத் தளர்த்தினால் கம்பி மேல் உட்கார வேண்டும். அந்த உயரத்தை வெறும் பாரில் சோதித்த பிறகே பிளேட் போடுங்கள். கம்பியோ ஸ்பாட்டரோ இருந்தால் கிளிப் (பிளேட் நழுவாமல் பிடிக்கும் பூட்டு) போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லையென்றால் கிளிப்பை விட்டுவிடுங்கள்: மாட்டிக்கொண்டால் பாரை ஒரு பக்கம் சாய்த்துப் பிளேட்டைத் தள்ளிவிட வழி இருக்கும். ஒரு பக்கம் காலியானதும் மறுபக்கம் வேகமாகக் கவிழும், அருகில் யாரும் நிற்கக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் சோதனையே வேண்டாம். இன்னும் 2 ரெப் முடியும் என்று தோன்றும்போதே பாரை வைத்துவிடுங்கள். ரத்தக் கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கனமான எடையில் கைவைக்க வேண்டாம்.

எண்ணைக் கூட்ட, வாரம் இரண்டு நாள், 5 ரெப் வீதம் 3 செட் (இடைவெளி விட்டு மூன்று சுற்று) போதும். மூன்று செட்டும் சுத்தமாக முடிந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டுங்கள், அதாவது பக்கத்துக்கு 1.25. இந்தச் சின்னப் பிளேட் இல்லாமல் ஒரேயடியாக 5 கிலோ தாவுவதால்தான் பலர் சீக்கிரமே தேங்குகிறார்கள். இரண்டு முறை தொடர்ந்து ரெப் தவறினால் 10 சதவீதம் குறையுங்கள்: 50-இல் நின்றவர் 45-க்கு இறங்கி, மறுபடி 2.5 வீதம் ஏறலாம். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை, அதே பாரில், அதே வார்ம்அப்போடு, மேலே சொன்ன கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள்.