ஆன்டெப்புக்கு இருவராகப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

துருக்கிக்குப் போகும் தம்பதிகள் பலர் இப்போது இஸ்தான்புல்லோடு திரும்பிவிடுவதில்லை. தென்கிழக்கே காசியான்டெப்புக்கும் இரண்டு இரவுகள் ஒதுக்குகிறார்கள். யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் உணவுக்கலைக்காக 2015இல் இடம்பிடித்த ஊர் அது. அங்குள்ளவர்கள் இன்றும் ஆன்டெப் என்றுதான் சொல்கிறார்கள். கிளம்பும் முன் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, “ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்” என்பார்கள். நானும் கணவரும் முதல்முறை போட்ட அதே கோணல் திட்டம் எழுத்து மாறாமல் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்ற ரகத்து அறிவுரைகளை விட்டுவிடுகிறேன்.

ஹோட்டலில் காலை உணவு

திட்டத்தில் மதியத்துக்கு எங்கே, இரவுக்கு எங்கே என்று கடைப்பெயர் சகிதம் எழுதியிருக்கும். காலைக்கு நேரே ஒரே வரி: “ஹோட்டலில்.” அதைப் படித்ததும் எனக்கு எரிச்சல் வந்துவிடும்.

ஆன்டெப் காலையில் சாப்பிடுகிற ஊர். கபாப் துருக்கி முழுவதும் கிடைக்கும். இந்த ஊருக்கே உரிய பெய்ரானும் காட்மெரும் காலைச் சாப்பாடு. பெய்ரானுக்கு, இரவெல்லாம் வெந்த ஆட்டிறைச்சியின் சாறு விடியும் முன்பே கடையில் தயாராக இருக்கும். தட்டையான செப்புத் தட்டில் கொஞ்சம் கொழுப்பு, அதன்மேல் வேகவைத்த அரிசி, நார்நாராகப் பிய்த்த இறைச்சி, நசுக்கிய பூண்டு, சிவப்பு மிளகாய். அதில் சாற்றை ஊற்றி, சீறுகிற நெருப்பில் தட்டை வைப்பார் கடைக்காரர். ஓரங்களில் நுரை பொங்கியதும் இடுக்கியால் தூக்கி அப்படியே உங்கள் முன்னால் வைத்துவிடுவார். எலுமிச்சை பிழிந்து, கொதி அடங்குவதற்குள் சாப்பிட வேண்டும். ஆறினால் கொழுப்பு உறைந்து நாக்கில் ஒட்டும். படம் எடுத்துக்கொண்டே ஆறவிடுகிறவர்களைக் கண்டால் கடைக்காரர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

காட்மெர் என்பது கண்ணாடிபோல மெல்லியதாக வீசி விரித்த மாவுக்குள் பாலாடை, பொடித்த பிஸ்தா, சர்க்கரை வைத்து மடித்துச் சுடுவது. திருமணத்துக்கு மறுநாள் காலையில் மணமக்களுக்குக் காட்மெர் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். தம்பதியாகப் போகிறவர்கள் இதைத் தவறவிடுவதுதான் எனக்குத் தாங்குவதில்லை.

எங்களோடு வந்த ஓர் இளம் தம்பதி, அறை வாடகையில் சேர்ந்தது என்பதற்காக ஹோட்டல் பஃபேயில் ஒன்பதரை மணிவரை உட்கார்ந்தார்கள். ஆலிவ், வெள்ளைப் பாலாடைக்கட்டி, வெள்ளரி, அவித்த முட்டை, தேன் என்று இஸ்தான்புல்லில் தினமும் சாப்பிட்ட அதே தட்டுதான். பிறகு குளித்துக் கிளம்பி, மதியம் காட்மெர் கடைக்குப் போனால் பையன் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூன்று மணிக்குப் போய் இட்லி கேட்டால் என்ன பதில் வருமோ அதுதான் அங்கும் வந்தது. மறுநாளாவது விடியலில் எழுந்தார்களா என்றால், பஃபேக்குக் காசு கொடுத்தாயிற்றே என்று மறுபடியும் அதே ஆலிவ். இரண்டு இரவுப் பயணத்தில் இரண்டே காலைகள்தான் இருக்கின்றன. அந்த இரண்டையும் எங்கேயும் கிடைக்கிற முட்டைக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பி, “ஆன்டெப் சாப்பாடு அப்படியொன்றும் பெரிதாக இல்லை” என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

காலை உணவு சேராத அறையாகக் கேளுங்கள். கோட்டைக்கும் செம்புக்கடைத் தெருவுக்கும் நடந்து போகிற தூரத்தில் தங்குங்கள். முதல் காலையில் ஆறு, ஆறரைக்குள் ஒரு பெய்ரான், இருவருக்கும் ஒன்று போதும். பிறகு மசாலாவும் காய்ந்த கத்திரிக்காய் மாலைகளும் தொங்கும் அல்மாஜி பசாரில் ஒரு நடை. ஒன்பது மணிவாக்கில் ஒரு காட்மெர், அதுவும் பாதிப் பாதி. இரண்டாம் காலையில் கரியில் சுட்ட ஈரல். ஆம், விடிகாலையில் ஈரல்தான். அங்கே யாரும் வியப்பதில்லை. இறைச்சி வேண்டாம் என்கிறவர்களுக்கு ரொட்டியில் சுருட்டிய கொண்டைக்கடலை கிடைக்கும். ஆனால் பல கடைகளில் கடலையை எலும்புச் சாற்றில் வேகவைப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆளுக்கொரு தட்டு சொல்வது

இருவராகப் போவதே பகிர்ந்து சாப்பிட வசதி. பல கடைகளில் அரை போர்ஷன் கேட்டால் தருவார்கள். சுட்ட கத்திரிக்காயும் தயிரும் சேர்ந்த அலி நாசிக் ஒன்று, கொழுப்பு நீக்கிய மென்மையான ஆட்டிறைச்சியான குஷ்லெமே பாதி. மெல்லிய ரொட்டியில் கொத்திய இறைச்சி பரப்பிச் சுடும் லஹ்மஜூன் கட்டாயம்: பக்கத்து ஊரான உர்ஃபாவில் அதில் வெங்காயம் போடுவார்கள், இங்கே பூண்டு. முதலில் வந்து இறங்கும் சாலட்டிலும் சூடான ரொட்டியிலும் வயிற்றை நிரப்பிவிட்டுப் பிறகு முழிக்காதீர்கள்.

ஜிப்சிப் பெண்ணைப் படம் எடுத்துவிட்டு ஓடுவது

ஸூக்மா மொசைக் அருங்காட்சியகத்துக்குக் கால் மணி நேரம் ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பிரெஜிக் அணைக்காக யூப்ரடீஸ் நீர் 2000இல் ஏறியபோது, பண்டைய ஸூக்மா நகரின் ஒரு பகுதி மூழ்கியது. அதற்கு முன் அவசர அவசரமாக மீட்டெடுத்த தரைச் சித்திரங்கள் 2011இல் திறந்த இந்தக் கட்டடத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான, ‘ஜிப்சிப் பெண்’ என்று அழைக்கப்படும் முகம் இருட்டறையில் தனியாகத் தொங்குகிறது. அதே சித்திரத்திலிருந்து திருடுபோன 12 துண்டுகள் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்து 2018இல்தான் திரும்பின. அவற்றையும் நின்று பாருங்கள். ரோமானியப் போர்க்கடவுளான மார்ஸின் வெண்கலச் சிலையை விட்டுவிடாதீர்கள். கோடை நண்பகலில் வெளியே அலைவதற்குப் பதில் இந்தக் குளிர்ந்த கூடங்களில் இரண்டு மணி நேரம் நடந்தால் காலைச் சாப்பாடும் செரிக்கும்.

பழைய வீடியோவை நம்பிக் கோட்டை ஏறப் போவது

2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் கோட்டைச் சுவர்கள் சரிந்தன. உள்ளே விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

உர்ஃபாவையும் சேர்த்துக்கொள்வது

இரண்டு இரவில் முடியாது.

ரமலான் பகல்

தேதியைப் பாருங்கள். சாப்பிடத்தான் போகிறீர்கள்.

பளபளப்பைப் பார்த்துச் செம்பு வாங்குவது

செம்புக்கடைத் தெருவில் சுத்தியல் சத்தத்தைக் கேட்டதும் கை பையில் போய்விடும். சமைக்க வாங்குவதானால் உட்புறம் வெள்ளீயம் பூசியிருக்கிறதா என்று பாருங்கள். பூசாதது அலமாரியில் வைக்கத்தான் ஆகும். வாங்கி முடித்ததும் 17ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் தஹ்மிஸ் காபிக்கடையில் மெனெங்கிச் கேளுங்கள். காட்டுப் பிஸ்தாக் காயை வறுத்து அரைத்துப் போடுவது, காஃபின் கிடையாது.

பக்லாவாவை முதல் நாளே வாங்குவது

பக்லாவா என்பது மெல்லிய மாவு அடுக்குகளில் பிஸ்தா வைத்துச் சுட்டுப் பாகு ஊற்றும் இனிப்பு. முதல் நாள் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு, ஊருக்கு வாங்குவது கடைசி நாளில். பயணத்துக்கென்றே பாகு குறைத்துச் செய்யும் வகை உண்டு. “விமானத்தில் கொண்டுபோக” என்று சொன்னால் அதையே கட்டித் தருவார்கள். வீட்டில் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், நெய் உறைந்து மொறுமொறுப்பு போய்விடும்.