510 டிகிரியை நம்பி அமார்ஃபஸ் கோரைக் கெடுத்துக்காதீங்க

"அண்ணா, அமார்ஃபஸ் ரிப்பன் டேட்டாஷீட்ல 510 டிகிரிலதான் கிரிஸ்டல் ஆகும்னு போட்டிருக்கு, 480ல வெச்சா என்னாகப் போவுது?"ன்னு பக்கத்துப் பட்டறை தம்பி போன வாரம் கேட்டானுங்க. நானும் கணபதில பட்டறை போட்ட புதுசுல அப்படி நெனச்சுத்தான் ஒரு லாட் அமார்ஃபஸ் கோரை (டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி சாமானுக்குள்ள இருக்கற, ரிப்பனைச் சுத்திப் பண்ற காந்த நடுப்பகுதி) ராத்திரி பூரா ஃபர்னஸ்ல விட்டுட்டு வூட்டுக்குப் போய்க் கம்முனு தூங்குனேன், காலைல அளந்து பார்த்தா கோர் லாஸ், அதாவது கோர்ல சூடா வீணாகற கரண்டு, எக்கச்சக்கமா ஏறிக் கெடக்குது, அத்தனையும் பழைய இரும்புக்குத்தான் போச்சு.

அந்த 510ங்கறது சூட்டை நிமிஷத்துக்கு இத்தனை டிகிரின்னு ஏத்திக்கிட்டே போகும்போது கெடைக்கிற நம்பருங்க. வேகமா ஏத்துனா நம்பர் மேல போகும், மெதுவா ஏத்துனா கீழ எறங்கும். உருக்குன உலோகத்தைச் சுத்துற செம்பு வீல்ல ஊத்தி செகண்டுக்கு பத்து லட்சம் டிகிரி கணக்குல குளிர வெக்கறதால அணுவெல்லாம் வரிசையா நிக்க நேரமில்லாம அப்படியே ஒறஞ்சு போனதுதான் இந்த ரிப்பன், அதனாலதான் சுமார் 25 மைக்ரான்தான் கனம். அதுக்கு நேரம் குடுத்தீங்கன்னா 510க்குக் கீழயே வரிசை கட்டிரும். பதநீர்ப் பாகைப் பானையில நாள்கணக்கா அசைக்காம விட்டா கற்கண்டு கட்டுதுல்ல, அந்த மாதிரி. இரும்பு 78, போரான் 13, சிலிக்கான் 9 கலவைக்கு அனீல் பண்ண, அதாவது உள்ள இருக்கற இறுக்கம் போகச் சூடாக்கி எடுக்க, 350-370 டிகிரில ரெண்டு மணி நேரம் வாக்குல போதும்.

சூட்டை அளக்கற தெர்மோகப்பிள் கம்பியை ஃபர்னஸ் செவுத்தோரமா தொங்க விடறது இன்னொரு கூத்து. கோருக்குள்ள என்ன சூடுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? கிரிஸ்டல் ஆக ஆரம்பிச்சா அதுவே சூட்டை வெளிய விடும், பெரிய கோரா இருந்தா நடுவுல சூடு தன்னால ஏறும், அப்புறம் நீங்க ஸ்விட்சை ஆஃப் பண்ணியும் பிரயோஜனம் இல்லீங்க.

"550ல வேணும்னே கிரிஸ்டல் பண்றாங்களே"ன்னு கேப்பீங்க. அது செம்பும் நியோபியமும் சேர்த்த ஃபைன்மெட், 1988ல ஜப்பான்காரங்க வெளியிட்டது, அதுல ஒவ்வொரு கிரிஸ்டல் மணியும் 10 நானோமீட்டர் வாக்குலயே வளராம நின்னுக்கும். நம்ம சாதா ரிப்பன்ல அந்தத் தடை இல்ல, கிரிஸ்டல் மணி பெருசாகி, இரும்பும் போரானும் சேர்ந்த போரைடும் வந்து சேரும்.

ஷேப் விஷயத்துல, சிர்கோனியம் சேர்த்த உலோகக் கண்ணாடியைச் சூடாக்கி பிளாஸ்டிக்காட்டம் அமுக்கற வீடியோவைப் பார்த்துட்டு இதையும் அப்படிப் பண்ணலாம்னு எறங்காதீங்க. இதுல எளகறதுக்கும் கிரிஸ்டல் ஆகறதுக்கும் நடுவுல எடமே இல்லாத மாதிரிதான். சுத்தறது, வளைக்கறது எல்லாத்தையும் அனீல் பண்றதுக்கு முன்னாடியே முடிச்சு அச்சோட ஃபர்னஸ்ல வெச்சிருங்க. புது ரிப்பனை ரெண்டா மடிச்சாலும் ஒடையாது, அனீல் ஆனப்புறம் தொட்டா அப்பளம். வெட்டறதும் லேசுப்பட்டதில்ல, கெட்டித்தன்மை விக்கர்ஸ் அளவுல 900 கிட்ட இருக்கு, பஞ்ச் சீக்கிரம் மழுங்கிரும், கிரைண்டர்ல கூலன்ட் இல்லாம தேச்சா ஓரம் போச்சுன்னு வெச்சுக்குங்க.

எல்லாம் சரியாப் பண்ணிட்டுக் கடைசில ஸ்ட்ராப்பை இறுக்கு இறுக்குன்னு இறுக்கறவங்களும் இருக்காங்க, அழுத்தம் பட்டாலே லாஸ் ஏறும், பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள லூசா வெச்சு ஓரத்துல கொஞ்சம் சிலிக்கோன் பசை விட்டாப் போதுமுங்க.