கடற்கரையில் இருந்துகொண்டு காசைக் கரைக்கும் சமையல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மண்டபம் ஊரில் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வரும் பெண்கள், தேதி இருபது தாண்டியதும் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். வருமானம் போதாது என்பது உண்மை. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் அந்த வாரம் பல வீடுகளில் வரவே கிடையாது. ஆனால் வருகிற கொஞ்சமும் அடுப்படியில்தான் அதிகம் கரைகிறது. புதிதாகச் சமையலைக் கையில் எடுத்தபோது நான் செய்த அதே தவறுகளை இவர்களும் செய்கிறார்கள். செலவைக் குறித்து வை, சீட்டு எழுதிக் கடைக்குப் போ, காயை வாடவிடாதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிட்டு, யாரும் சொல்லாததைச் சொல்கிறேன்.

பெயருக்காக மீன் வாங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் அக்கா மகள் பாம்பனில் வாக்கப்பட்டிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளோடு மீன் வாங்கப் போனேன். கரையில் சூடை என்கிற பொடி மீன் வந்து குவிந்து கிடக்கிறது. கண்ணாடி மாதிரி கண், செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பு. விற்கிற அம்மா கூறு கட்டி வைத்துவிட்டு, "தாயி, ஒரு கூறு அள்ளிக்கிட்டுப் போ" என்று கூப்பிடுகிறார். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வஞ்சிரம் வெட்டுகிற இடத்துக்குப் போய் அரைக்கிலோ துண்டு வாங்கினாள். ஏன் என்று கேட்டேன். "சின்னம்மா, மாமியார் வந்திருக்கும்போது சூடையைப் போயா வைக்கிறது?" என்றாள். அந்த வாரம் மீதி நாளெல்லாம் அவள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். வஞ்சிரம் கிலோ 800 ரூபாய் என்றால் அரைக்கிலோ 400. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு துண்டு, ஒரே வேளையில் முடிந்துவிடும். சூடை கிலோ 120 ரூபாய் என்றால், ஒரு கிலோ வாங்கித் தலையும் குடலும் எடுத்து ஆய்ந்த பிறகு 600, 700 கிராம் நிற்கும். மதியம் குழம்பு, ராத்திரி பொரியல் என்று இரண்டு வேளைக்கு வரும். மிச்சம் 280 ரூபாய்க்கு ஒரு தட்டு முட்டையே வாங்கிவிடலாம். விலை நாளுக்கு நாள் மாறும். ஆனால் இந்த இரண்டு மீனுக்கும் நடுவே உள்ள தூரம் பெரிதாக மாறாது.

சத்திலாவது வஞ்சிரம் உயர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. இரண்டிலுமே 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது. இதயத்துக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்லும் ஒமேகா 3 கொழுப்பு, சூடை, சாளை, அயிலை போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீன்களில் நிறையவே உண்டு. பொடி மீனை முள்ளோடு மென்று தின்றால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. பெரிய மீன் துண்டில் முள்ளைத் தூக்கி வைத்துவிடுகிறோம், அந்தச் சத்து குப்பைக்குப் போகிறது. பால் வாங்கக் காசு பார்க்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயமா?

"பிள்ளைகள் முள்ளுக்குப் பயப்படுகிறது" என்பார்கள். சரி, அதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஆய்ந்த சூடையைக் குக்கரில் அடுக்கி, கரைத்த புளி, மிளகாய்த்தூள், உப்பு, இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, ஆவி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து அரை மணி நேரம் விடுங்கள். விரலால் நசுக்கினால் முள் மாவாகப் போகும். இன்னொன்று புட்டு. மீனை ஆவியில் அவித்து, நடுமுள்ளைத் தலைப்பக்கமிருந்து உருவினால் அப்படியே கழன்று வரும். சதையை உதிர்த்து, கையால் தடவிப் பார்த்துப் பொடிமுள்ளை எடுத்துவிட்டு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு வதக்குங்கள். சுறாப் புட்டு சாப்பிடுகிற பிள்ளை இதையும் சாப்பிடும்.

ஆய்வதற்குச் சோம்பிக்கொண்டு சூடையை விடுகிறவர்களும் உண்டு. மண்சட்டியில் போட்டு, ஒரு கை கல்லுப்பு சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து உரசினால் செதில் தானாக உதிரும். தலையை வயிற்றுப் பக்கமாகத் திருகி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கத்தியே வேண்டாம். பழகிவிட்டால் அரிசி உலையில் கொதிக்கிற நேரத்துக்குள் ஒரு கிலோ முடிந்துவிடும்.

எந்த நாளில் வாங்குகிறோம் என்பதும் இந்தத் தவறோடு சேர்ந்ததுதான். ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். திங்கள், புதன், சனி போகிற விசைப்படகு, செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் கரைக்கு வரும். மூன்று நாளும் வருவது ஒரே மாதிரி மீன்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை வரைக்கும் எல்லார் வீட்டிலும் மீன் கேட்கும் என்பதால் விலை ஏறிவிடும். வீட்டுக்காரருக்கு லீவு என்பதற்காக ஞாயிறே வாங்க வேண்டுமா? வியாழக்கிழமை வாங்கி அன்றைக்கே ஆக்கிப் போடுங்கள். வெள்ளிக்கிழமை கவிச்சி ஆகாது என்று இருக்கும் வீடுகளை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அந்தக் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் நல்ல காலம். வாங்க ஆள் குறைவு, கூறு பெரிதாக விழும்.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வஞ்சிரம் வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. கையில் காசு இருக்கும்போது வாங்குங்கள். கடன் சொல்லி வாங்கிவிட்டு நான்கு நாள் பிள்ளைகளுக்கு வெறும் ரசம் ஊற்றாதீர்கள். மாமியாரும் இந்தக் கரையில் பிறந்தவர்தான், சூடைக் குழம்பின் ருசி அவருக்குத் தெரியாதா?

மத்தியானக் கூறு

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, மலிவாகக் கிடைக்கிறதே என்று மதியத்துக்கு மேல் போய்ச் சூடை வாங்காதீர்கள். சூடை, சாளை, அயிலை மூன்றும் வெயிலில் சீக்கிரம் கெடும். ஐஸ் இல்லாமல் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் அரித்து, தலைவலி, வாந்தி என்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும். வயிறு வெடித்திருந்தால், கண் குழிந்து வெளுத்திருந்தால், விரலால் அமுக்கிய பள்ளம் எழும்பாமல் இருந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காலையில் வாங்கியதையும் பையிலேயே தொங்கவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்கக் கூடாது.

பருப்பை உப்புத்தண்ணியில் வேகவைப்பது

எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீர் குடக்கணக்கில் காசு. அதனால் நல்ல தண்ணியைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, போர் தண்ணியில் பருப்பைப் போடுகிறார்கள். சிக்கனம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலோடும் சதையோடும் பிடித்துக்கொண்டு அதைக் குழைய விடாது. எட்டு விசில், பத்து விசில் விட்டும் பருப்பு தனியாக, தண்ணீர் தனியாக நிற்கும். கடைசியில் கேஸ் சிலிண்டர் பத்து நாள் முன்னாடியே தீர்ந்துவிடும். ஒரு குடம் தண்ணீரில் மிச்சம் பிடித்த காசைவிட இது எவ்வளவோ அதிகம்.

இன்னும் சிலர் சோடா உப்பைப் போட்டு வேகவைக்கிறார்கள். பருப்பு குழையும்தான். ஆனால் பருப்பில் இருக்கும் பி1 வைட்டமினை அது அழித்துவிடும். சாப்பிடுகிற நோக்கமே போய்விடுகிறது.

கழுவ போர் தண்ணீர் போதும். கடைசி அலசலையும், அரை மணி நேர ஊறலையும், வேகவைப்பதையும் நல்ல தண்ணியில் செய்யுங்கள். கால் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டருக்கு உள்ளேதான் ஆகும். புளி, தக்காளி, மாங்காய் எதுவானாலும் பருப்பு குழைந்த பிறகுதான். புளிப்பும் பருப்பை விறைக்க வைக்கும். ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது என்று குறை சொல்கிறவர்கள், ஒரு தடவை தண்ணீரை மாற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ரேஷன் அரிசியை விற்றுவிட்டுப் பொன்னி வாங்குவது

2011-ல் இருந்து அரிசி அட்டைக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அதைக் கிலோ சில ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, பட்டை தீட்டிய பொன்னியைக் கிலோ ஐம்பது, அறுபது கொடுத்து வாங்குகிறார்கள். ரேஷன் அரிசியை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம் என்பது வேறு. வாடை வருகிறது என்றால் மூன்று முறை தேய்த்துக் கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் நிறைய வைத்து வடியுங்கள். அப்பவும் சோறாகப் பிடிக்கவில்லை என்றால் புழுங்கல் அரிசியை இட்லிக்குப் போடுங்கள். நாலுக்கு ஒன்று உளுந்து, கொஞ்சம் வெந்தயம். கடையில் காலை இட்லிக்குக் கொடுக்கும் காசு மொத்தமும் மிச்சம்.

செறிவூட்டிய அரிசி கலந்து வரும்போது ஒரு கூத்து நடக்கும். கழுவும்போது சில மணிகள் மிதக்கும், நிறமும் கொஞ்சம் மங்கலாக இருக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். அது பிளாஸ்டிக் கிடையாது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, போலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்தது. 100 கிலோவுக்கு 1 கிலோ என்பது கலக்கும் கணக்கு. ரத்தசோகை இல்லாத பெண்களைத் தேட வேண்டியிருக்கும் ஊரில் இதைப் பொறுக்கி எறிந்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வடித்த கஞ்சியைக் கொட்ட வேண்டாம். உப்புப் போட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு டம்ளர், மிச்சம் இரவுச் சோற்றில் ஊற்றிக் காலையில் நீராகாரம்.

பாக்கெட் மீன் மசாலா

முண்டு மிளகாய் விளைகிற ஜில்லாவில் இருந்துகொண்டு இது தேவையே இல்லை. மிளகாயும் மல்லியும் காயவைத்து மிஷினில் கொடுங்கள்.

பொரித்த எண்ணெய்

அடுத்த நாள் தாளிக்கலாம். திரும்பப் பொரிக்கக் கூடாது.

முருங்கைக்கீரையைக் காசுக்கு வாங்குவது

ஒரு போத்து (கிளைத் துண்டு) கேட்டு வாங்கிக் கொல்லையில் ஊன்றுங்கள். மணல் தரையிலும் வரும்.

தடைக்காலம் வந்த பிறகு கருவாடு வாங்குவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பச்சை மீன் குறைந்து விலை ஏறும். அப்போதுதான் எல்லாருக்கும் கருவாட்டு ஞாபகம் வரும், அதன் விலையும் கூடவே ஏறும். மாசி, பங்குனியில் வெயில் காய்ச்சும்போதே வாங்கி வைத்தால் கருவாடும் நன்றாகக் காய்ந்திருக்கும், காசும் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்ததை வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். உள்ளே ஈரம் நிற்கும், பூஞ்சணம் பிடிக்கும்.

நெத்திலியை ஒடித்துப் பாருங்கள், டப்பென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம். காரல், திருக்கை எதுவாக இருந்தாலும் மேலே செம்புள்ளியாகப் படர்ந்திருந்தாலோ பிசுபிசுத்தாலோ வைத்துவிட்டு வாருங்கள். வாங்கியதை வீட்டில் இன்னொரு நாள் வெயிலில் உலர்த்தி, ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துவிடும்.

தடைக்காலத்தில் பச்சை மீனே கிடைக்காது என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். நாட்டுப்படகு போய்க்கொண்டுதான் இருக்கும். கரைப்பக்கம் காலையில் போனால் சூடையும் நகரை மீனும் நண்டும் கொஞ்சமாவது கிடைக்கும்.

ஆக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டில் ஏற்கெனவே உப்பு கிடக்கிறது, ஊறுகாயிலும் அப்பளத்திலும் வேறு இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, மணல் போக மூன்று தண்ணீர் அலசுங்கள். கரையில் காய்ந்த நெத்திலியின் தலையில்தான் மணல் தங்கும், அதைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். கத்திரிக்காய், மொச்சை, முருங்கைக்காய் நிறையப் போட்டு, கருவாட்டை ருசிக்கு மட்டும் சேருங்கள். குழம்பில் உப்பே போடாமல் கொதிக்கவிட்டு, கடைசியில் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் அப்புறம் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளலாம்.