அம்மாவின் கைபேசிக்கு ஒரு ப்ராக்ஸி

அம்பாசமுத்திரத்தில் அம்மா காலையில் கைபேசியில் முதலில் பார்ப்பது பாபநாசம் அணையின் நீர்மட்டம். எங்கள் பிசான நெல் நடவு அதை நம்பித்தான். சரியாக அந்த எண்ணின் மேல் விளம்பரம் வந்து உட்கார்ந்தால் ஆத்திரம் வராதா?

பழைய லினக்ஸ் மடிக்கணினியில் பிரிவாக்ஸி என்ற இலவச ப்ராக்ஸி சர்வரை நிறுவினேன்; கைபேசிக்கும் இணையத்துக்கும் நடுவில் நின்று விளம்பரங்களைத் தடுக்கும் மென்பொருள் அது. அதன் கன்ஃபிக் கோப்பில் 127.0.0.1:8118 என்றிருக்கும் வரிதான் உயிர்நாடி. அப்படியே விட்டால் அந்தக் கணினிக்கு மட்டுமே பயன். அங்கே வீட்டு வைஃபையில் மடிக்கணினிக்குள்ள ஐபி முகவரியை எழுதி (எங்கள் வீட்டில் 192.168.1.10:8118), பிரிவாக்ஸியை மறுபடி தொடங்குங்கள். ரவுட்டரில் அந்த முகவரியை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். மாறிவிட்டால் கைபேசியில் எந்தப் பக்கமும் திறக்காது. பிறகு கைபேசியின் வைஃபை அமைப்பில் ப்ராக்ஸியை ‘மேனுவல்’ ஆக்கி, அதே எண்களைக் கொடுங்கள்.

தப்பி வரும் விளம்பரத் தளங்களை யூசர் ஆக்‌ஷன் (user.action) கோப்பின் பிளாக் பகுதியில், வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். பெயருக்கு முன் ஒரு புள்ளி வைத்தால் துணைத் தளங்களும் அடைபடும். செய்தித்தளம் தன் சொந்த முகவரியிலிருந்தே தரும் விளம்பரம் இதில் சிக்காது. வயலில் மொபைல் டேட்டாவில் பார்க்கும்போதும் இது உதவாது. அம்மா அதனால் வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்.