பழைய கிரேக்கத்தில் 'நீதிபதி': சொல்லின் பொருளை நீங்களே தேடிப் பிடிப்பது எப்படி?

கிரேக்க எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும், இதைச் செய்துவிடலாம். பைபிளில் 'நியாயாதிபதிகள்' என்று நாம் படிக்கும் ஆகமத்துக்குக் கிரேக்கத்தில் 'கிரிட்டாய்' என்று பெயர். சாக்ரடீஸை விசாரித்தவர்கள் 'டிகஸ்டாய்'. சின்ன அகராதிகள் இரண்டுக்கும் 'நீதிபதி' என்றே போட்டுவிடும். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

படி 1: அகராதி வடிவத்துக்கு மாற்றுங்கள். பெயர்ச்சொல்லை ஒருமையில் தேட வேண்டும்: கிரிட்டேஸ், டிகஸ்டேஸ். வினைச்சொல் வேறு மாதிரி. தமிழில் 'செய்' என்று தேடிப் பழகிய நமக்கு இது புதிது. கிரேக்க அகராதியில் 'நான் செய்கிறேன்' என்ற வடிவம்தான் தலைச்சொல். ஆகவே கிரிட்டேஸுக்கு அடியில் இருக்கும் வினையை 'கிரீனோ' என்று தேடுங்கள்.

படி 2: அழுத்தக் குறியை, அதாவது எழுத்துக்கு மேலே வரும் சிறு கோட்டை, பாருங்கள். இதில் அவசரமே கூடாது. 'கிரீனெய்' என்ற சொல்லில் குறி முதல் அசைமேல் இருந்தால் 'தீர்ப்பளிக்கிறான்'. அதுவே கடைசி அசைமேல் வளைந்த குறியாக இருந்தால் 'தீர்ப்பளிப்பான்'. எழுத்தில் துளி வித்தியாசம் கிடையாது. பொதுவாக எதிர்காலத்தில் ஒரு 'ஸ்' நுழையும். கிரீனோ போல அடி 'ன்' ஒலியில் முடியும் வினைகளில் அது வராது, அதனால்தான் இந்தக் குழப்பம். குறியைத் தவறவிட்டால் காலமே மாறிவிடும்.

படி 3: பெரிய அகராதியைத் திறங்கள். என் தேர்வு சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோகெயோன் தளம். இலவசம், பல அகராதிகளை ஒரே பக்கத்தில் காட்டும். அதில் லிடெல்-ஸ்காட்-ஜோன்ஸ் என்ற பெரிய கிரேக்க-ஆங்கில அகராதியின் பகுதியைப் படியுங்கள். கிரீனோவுக்கு முதலில் வரும் பொருள் 'பிரித்தெடு'. சான்று ஹோமரின் இலியட் காவியம், 5-ஆம் காண்டம்: காற்று வீசும் களத்தில் தெமெட்டர் தேவி தானியத்தையும் பதரையும் பிரிக்கிறாள். தூற்றுவதற்கும் தீர்ப்புக்கும் ஒரே வினை! கிரிட்டேஸ் என்பவர் இது, அது என்று பிரித்துச் சொல்பவர். டயோனிசஸ் விழா நாடகப் போட்டியில் பரிசு யாருக்கு என்று முடிவு செய்தவர்களுக்கும் இதே பெயர்தான்.

படி 4: சொல்லை அது வாழ்ந்த இடத்தில் பாருங்கள். டிகஸ்டேஸ் 'டிகே', அதாவது நீதி, என்ற சொல்லோடு சேர்ந்தது. ஏதென்ஸில் ஆண்டுதோறும் 30 வயதைக் கடந்த 6000 குடிமக்களைக் குலுக்கலில் எடுத்தார்கள். வழக்கைக் கேட்டதும் கலந்து பேசாமல் வாக்களிப்பார்கள். தீர்ப்பு சொல்ல அவர்களுக்கு மேலே நீதிபதி யாரும் கிடையாது. அதனால் 'நீதிபதி' என்பதைவிட 'ஜூரி' நெருக்கமாக வரும் என்பது என் கருத்து.

அப்புறம், சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் தன் தரப்பைச் சொல்வதாகப் பிளேட்டோ எழுதிய 'அப்பாலஜி'யை ஒருமுறை இந்தச் சொல்லுக்காகவே புரட்டுங்கள். கி.மு. 399-இல் நடந்த வழக்கு. குற்றம்சாட்டிய மெலேட்டஸ் சபையை 'டிகஸ்டாய்' என்றுதான் கூப்பிடுகிறான். சாக்ரடீஸ் மட்டும் 'ஏதென்ஸ் மக்களே' என்றே பேசிக்கொண்டு போகிறார். மரண தண்டனை முடிவான பிறகு, தன்னை விடுவிக்க வாக்களித்தவர்களிடம் திரும்பி, முதல்முறையாக 'டிகஸ்டாய்' என்கிறார். உங்களை அப்படி அழைப்பதுதான் சரி என்றும் சொல்கிறார். அந்த இடத்தில் சொல்லின் முழு எடையும் தெரியும்.

பின்சேர்க்கை: 'கிரிட்டேஸை நூலிலிருந்து வெட்டி ஒட்டினால் ஒன்றும் வரவில்லை' என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதன் அழுத்தக் குறி கடைசி அசையில் இருக்கிறது. பின்னால் இன்னொரு சொல் வந்தால் அந்தக் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். அகராதியில் இருப்பது வலப்பக்கம் ஏறும் கோடு. அதை மாற்றித் தேடிப் பாருங்கள். சொல்லின் இறுதியில் வரும் 'ஸ்'-க்குத் தனி எழுத்து வடிவம் உண்டு, அதுவும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.