செயினுக்கு எண்ணெய்: வெளியே மினுமினுப்பு, உள்ளே வறட்சி

வாட்டர் சர்வீஸ் முடிந்து வண்டியை எடுக்கப் போனால், செயின் எண்ணெய் சொட்டச் சொட்டப் பளபளக்கும். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அந்த எண்ணெயில் பாதி பின்சக்கர ரிம்மிலும் நம்பர் பிளேட்டிலும் தெறித்துக் கிடக்கும். மீதிப் பாதி சாலைப் புழுதியை வாரி அப்பிக்கொள்ளும். எண்ணெய் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே ஒரு சொட்டும் போயிருக்காது. நம் ஊரில் மோட்டார் சைக்கிள் செயின்கள் சீக்கிரம் சாவதற்கு எண்ணெய்ப் பஞ்சத்தைவிட இப்படி இடம் தவறிப் போகும் எண்ணெய்தான் பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

செயினின் ஒரு கண்ணியை உற்றுப் பாருங்கள். இரண்டு பக்கமும் தகடுகள். அவற்றின் குறுக்கே ஓர் ஆணி. ஆணியைச் சுற்றி புஷ் என்னும் சிறு குழாய். புஷ்ஷின் மேல் உருளும் ரோலர். செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டின் பல் தொடுவது ரோலரைத்தான். கண்ணி ஒவ்வொரு முறை மடங்கும்போதும் ஆணி புஷ்ஷுக்குள் தேய்கிறது. "செயின் நீண்டுவிட்டது" என்று மெக்கானிக் சொல்வது இந்தத் தேய்மானத்தைத்தான். இரும்புத் தகடு ரப்பர் போல இழுபடுவதில்லை. 110 கண்ணி உள்ள செயினில் ஒவ்வொரு மூட்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், மொத்த நீளம் 11 மி.மீ. கூடிவிடும். ஆகவே எண்ணெய் போக வேண்டிய இடம் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளி. தகட்டின் வெளிப்பக்கத்தில் இருக்கும் பளபளப்பு துரு ஏறாமல் காக்கும். அதற்கு மேல் உதவாது.

எதை வாங்குவது என்று கேட்பதற்கு முன், உங்கள் செயின் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளித்தகட்டுக்கும் உள்தகட்டுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் செயின். செயின் கவர் இல்லாத, சற்றுப் பெரிய வண்டிகள் பலவற்றில் இதுதான் இருக்கும். இதில் ஆணிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸை அடைத்து, ரப்பர் வளையத்தால் மூடிவிடுகிறார்கள். நாம் ஊற்றும் எண்ணெய் அதற்குள் போகாது, போகவும் வேண்டாம். ரோலருக்கும், துருவுக்கு எதிராகவும், வளையம் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும்தான் அது. வளையம் ஒரு முறை போனால் உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். பிறகு எவ்வளவு விலை உயர்ந்த ஸ்ப்ரேயும் அந்தக் கண்ணியைக் காப்பாற்றாது. வளையம் இல்லாத சாதாரணச் செயினுக்கோ நாம் விடும் எண்ணெய்தான் முழுக் கதியும்.

இரண்டுக்கும் பொதுவாகப் பொருந்துவது 90 நம்பர் கியர் ஆயில். பல வண்டிகளின் கையேடே இதைச் சொல்கிறது. 90 என்ற எண்ணைப் பார்த்து, 40 எண் எஞ்சின் ஆயிலைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைத்து ஒதுக்குபவர்கள் உண்டு. கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் அளவுகோலே வேறு. 90 எண் கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 எண் எஞ்சின் ஆயிலின் கெட்டித்தன்மைதான். இடுக்கில் இறங்கும் அளவுக்கு இளக்கமானது, பல்லின் அழுத்தத்தைத் தாங்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்தது. ஸ்ப்ரே வாங்கினால் ஓ-ரிங் செயினுக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்ப்ரேயின் வசதி, அது இறங்கிய பின் கெட்டியாகி ஒட்டிக்கொள்வது; தெறிப்பது குறையும்.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம் பழைய எஞ்சின் ஆயிலுக்கு. சர்வீஸின்போது வடித்த கறுப்பு எண்ணெயைப் பாட்டிலில் பிடித்து வைத்துச் செயினுக்கு விடுவது பழைய பழக்கம். அந்தக் கறுப்பில் கரியும் இரும்புத் துகளும் கலந்திருக்கின்றன. தேய்மானத்தைத் தடுக்க வேண்டிய இடத்தில் தேய்க்கும் பொடியையே ஊற்றுகிறோம். அடுத்தது சக்கர பேரிங்குக்குப் போடும் கிரீஸ். அது இடுக்கில் இறங்காது, மேலே அப்பி நிற்கும். அதில் மணல் ஒட்டினால் வால்வு தேய்க்கும் பசை மாதிரி ஆகிவிடும். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலிலோ கடற்கரை ஊர்களிலோ ஓடும் வண்டிக்குக் கிரீஸ் பூசுவதைவிடப் பூசாமலே விடலாம்.

தையல் மெஷின் எண்ணெய் நீர்த்துப்போனது, நிற்காது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உறையத் தொடங்கும். ஊட்டிக் குளிரில் அது செயினில் மெழுகாக நிற்கும். டபிள்யூடி-40 பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செயினுக்கு அதுவே போதும் என்று நம்புபவர்கள் ஏராளம். 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் உருவான அந்தத் திரவத்தின் பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது: டபிள்யூடி என்றால் 'வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்', அதாவது நீரை விரட்டுவது. அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பு துருப்பிடிக்காமல் இருக்க அதைப் பயன்படுத்தினார்கள். ஈரத்தை விரட்ட நல்லது, இறுகிய நட்டை இளக்க நல்லது. ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். மிஞ்சும் படலம் செயினின் அழுத்தத்துக்கு நெடுநாள் ஈடுகொடுக்காது. அடித்தவுடன் சத்தம் அடங்குவதால் வேலை முடிந்தது என்று தோன்றும். சில நாளில் கரகரப்பு திரும்பி வரும்.

அழுக்கின் மேலேயே எண்ணெய் விடுவது இன்னொரு தவறு. புது எண்ணெய் பழைய மணலைத் தூக்கிக்கொண்டு இடுக்குக்குள் இறங்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிட்டால் போதும். பெட்ரோல், தின்னர் வேண்டாம். ரப்பர் வளையத்தைக் கெடுக்கும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இரும்புக் கம்பி பிரஷ் வளையத்தைக் கிழித்துவிடும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைச் செயினுக்கு நேராகப் பிடிக்க விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய்விடும்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் சக்கரம் சுற்றச் சுற்ற எண்ணெய் விடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். துணியின் ஒரு நுனி செயினில் மாட்டினால் போதும், கையையும் சேர்த்து ஸ்பிராக்கெட்டுக்குள் இழுத்துவிடும். கையை எடுக்க நேரம் இருக்காது, விரல் போய்விடும். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, நியூட்ரலில் வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இதில் சலுகையே கிடையாது.

வண்டி ஓடி வந்து செயின் இளஞ்சூடாக இருக்கும்போது விட்டால் எண்ணெய் எளிதாக இறங்கும். கீழே ஓடும் செயினின் உள்பக்கத்தில், அதாவது ஸ்பிராக்கெட்டைப் பார்க்கும் பக்கத்தில் விடுங்கள். வெளியே விட்டது சுழற்சியில் வெளியே பறக்கும். உள்பக்கம் விட்டது அதே வேகத்தால் செயினுக்குள் தள்ளப்படும். ரோலரின் நடுவில் ஊற்றாமல், இரு பக்கமும் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் கோட்டில் சொட்டுச் சொட்டாக விடவும். ஊசி இல்லாத சிரிஞ்ச் இதற்கு நல்ல கருவி.

சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு நிறுத்திவிடுபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பின் ஸ்பிராக்கெட்டில் 42 பல் இருந்தால், சக்கரம் ஒரு சுற்று வரும்போது 42 கண்ணிகள்தான் நகரும். 110 கண்ணிச் செயினில் பாதிக்கு மேல் காய்ந்தே இருக்கும். மூன்று சுற்று வேண்டும். முழுக் கவர் உள்ள வண்டிகளில், செயின் தளர்வைப் பார்ப்பதற்காக வைத்த ரப்பர் மூடியைத் திறந்து அந்த ஓட்டை வழியாக ஊற்றுபவர்களுக்கும் இதே கணக்குதான். அதோடு, கவரின் அடியில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து சேறாகக் கிடக்கும். அவ்வப்போது கவரைக் கழற்றி வழிக்க வேண்டும்.

விட்ட பிறகு துடைக்க வேண்டும். இதைப் பலர் செய்வதே இல்லை. அரை மணி நேரம் ஊறவிட்டு, உலர்ந்த துணியால் செயினைப் பிடித்து மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இரவில் விட்டுக் காலையில் எடுப்பது இன்னும் நல்லது. துடைக்காத எண்ணெய் டயரின் ஓரத்தில் தெறித்தால், மழையில் வளைவு திரும்பும்போது சக்கரம் வழுக்கும். ஸ்ப்ரே அடிக்கும்போது டயருக்கும் பிரேக் டிஸ்க்குக்கும் முன்னால் ஓர் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

500 கிலோமீட்டருக்கு ஒரு முறை என்பது நல்ல பழக்கம். ஆனால் கிலோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. ஐப்பசி மழையில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால், அன்றிரவே துடைத்து எண்ணெய் விடவேண்டும். இல்லையென்றால் மறுநாள் காலையில் துரு தெரிய ஆரம்பித்துவிடும். கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, உலர்த்தி, பிறகுதான் எண்ணெய்.

காய்ந்த செயின் சத்தம் போட்டால் உடனே இறுக்கச் சொல்வதும் தவறு. பல 100, 125 சிசி வண்டிகளில் செயின் நடுவே 20 முதல் 30 மி.மீ. வரை ஆட வேண்டும். உங்கள் வண்டியின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்ததும் செயின் இன்னும் விறைக்கும். இறுக்கிக் கட்டினால் அடி வாங்குவது கியர்பாக்ஸ் பேரிங்.

பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் எண்ணெய்க்கு வேலை முடிந்தது. அப்போது இரண்டு ஸ்பிராக்கெட்டையும் செயினையும் சேர்த்தே மாற்றுங்கள். கொக்கி போல வளைந்த பழைய பல் புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். செயினின் இரு முனைகளையும் இணைப்பது கிளிப் வைத்த லாக் என்றால், அந்தக் கிளிப்பைக் கவனியுங்கள்: அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்கிறதா என்று மெக்கானிக் கையிலிருந்து வண்டியை வாங்கும் முன் குனிந்து பார்த்துவிடுங்கள்.