முள்ளங்கியைப் பூக்கவிட்டு விதை எடுப்பது எப்படி?

கடலூர் பக்கம் முள்ளங்கிப் பூவைப் பார்த்தவர்கள் குறைவு. அதற்குள் பிடுங்கிச் சாம்பாரில் போட்டுவிடுகிறோமே! தொட்டி, மண்கலவை பற்றி எழுதப்போவதில்லை. கீரை போட்டவர்களுக்கு அது தெரியும்.

ரகம் பூசா சேட்கியாக இருக்கட்டும், வெயில் தாங்கும், சமவெளியிலேயே விதை கட்டும். குளிர்நாட்டுச் சிவப்பு உருண்டைகள் இங்கே பூக்காமலே நின்றுவிடலாம். ஹைபிரிட் வேண்டாம், அதன் விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது.

கார்த்திகைக் கடைசியில், பெருமழை ஓய்ந்ததும் விதையுங்கள். சுமார் 45 நாளில் எல்லாவற்றையும் பிடுங்கி, நேரான, கிளைக்காத கிழங்குகளைப் பொறுக்குங்கள். வாலை நறுக்கினால் உள்ளே சக்கை பிடித்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இலையைக் குருத்தோடு நான்கு விரல் விட்டு வெட்டி, அன்றைக்கே திரும்ப நடுங்கள். முந்திக்கொண்டு தண்டு விட்ட செடியின் விதை வேண்டாம். அதன் பிள்ளைகளும் கிழங்கு பருக்கும் முன்பே பூக்கும்.

அடுத்ததுதான் சிக்கல். ஒரே ஒரு செடியை விட்டால் பூ கொட்டும், காயில் விதை இருக்காது. முள்ளங்கிக்குத் தன் மகரந்தம் தனக்கே சேராது. மாடியில்கூட ஐந்தாறு செடியாவது ஒரே நேரத்தில் பூக்க வேண்டும், தேனீ வர வேண்டும். மூன்றாவது மாடிக்குத் தேனீ வராவிட்டால் காலையில் தூரிகையால் ஒரு செடியின் பூவைத் தொட்டு அடுத்த செடியின் பூவில் தடவுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியைவிட ஸ்டேஷனரி கடையின் மெல்லிய வாட்டர்கலர் பிரஷ்தான் எனக்குப் பிடித்தது. பூந்தண்டில் அசுவினி அடைந்தால் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். வேப்பெண்ணெய் என்றால் தேனீ அடங்கிய பிறகு, சாயங்காலம் மட்டும்.

பிஞ்சுக் காயைப் பொரியல் செய்யலாம், காரமாக இருக்கும். ஆனால் விதைக்குப் போக மிச்சம்தான்!

காய் பழுப்பாகி, குலுக்கினால் சலசலக்கும்வரை செடியிலேயே விடுங்கள். ஐரோப்பிய வயல்களில் களையாகப் பூக்கும் காட்டு முள்ளங்கியின் காய் முற்றினால் மணிமணியாகத் துண்டுபடும். நம்முடையது தானாக உடையாது. சாக்கில் போட்டுக் கட்டையால் தட்டி, முறத்தில் புடையுங்கள். மிக்ஸி வேண்டவே வேண்டாம், விதை பிளந்துவிடும். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை மாதிரி கடலோரத்தில் காற்றிலேயே ஈரம். நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் பாட்டிலில் போடுங்கள்.

பின்சேர்க்கை: விதைத்ததில் சிவப்பும் வெள்ளையும் கலந்து வந்ததாக நெல்லிக்குப்பத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பக்கத்தில் வேறு ரகம் பூத்திருக்கும், தேனீ கலந்துவிட்டது. ஒரு பருவத்துக்கு ஒரு ரகத்தை மட்டும் பூக்கவிடுங்கள், மற்றதை மொட்டிலேயே வெட்டுங்கள். பக்கத்தில் கடுகு பூத்தால் கவலை வேண்டாம்.